கல்முனைப் பிள்ளை எந்த நிரலில்?

250, 227. இலங்கைத் தமிழ் வீடுகளில் ஒரு தலைமுறை மனப்பாடமாக வைத்திருக்கும் இலக்கங்கள் இவை. 1971இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குள் போக, தமிழில் பரீட்சை எழுதியவருக்கு 250 புள்ளி தேவைப்பட்டது. சிங்களத்தில் எழுதியவருக்கு 227 போதுமாக இருந்தது. பிற்கால மொறட்டுவைப் பல்கலைக்கழகமான கட்டுபெத்தையில் 232க்கு 212. மொழிமூலத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி வைத்த இந்தத் தரப்படுத்தலைப் பற்றி எழுதியவர்கள் இந்த அட்டவணையைத் தொடாமல் போனதில்லை. அதன் பின்னால் யாழ்ப்பாணத்துக் கொதிப்பு இருக்கிறது, தமிழ் மாணவர் பேரவை இருக்கிறது, இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் யுத்தமே இருக்கிறது.

நான் அந்த அட்டவணையைத் தேடி எடுத்தது வேறொரு காரியத்துக்காக. மருதமுனையில் தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரை நீளும் கரையோரத்து முஸ்லிம் ஊர்கள், கொஞ்சம் உள்ளே தள்ளி சம்மாந்துறை. இந்த ஊர்களில் இருந்து பொறியியல் படிக்கப் போன பிள்ளைகள் யார், எப்போது போனார்கள், போக முடியாதவர்களை எது மறித்தது? கேள்வி சின்னது. ஆவணங்களில் அதற்குப் பதில் கிடைத்துவிடும் என்று நினைத்துத்தான் இறங்கினேன்.

முதல் தடயம் அந்த 250தான். அட்டவணையின் தலைப்பில் இருப்பது மொழிமூலம், இனம் இல்லை. கல்முனைக்குடிப் பையன் உயர்தரம் எழுதியதும் தமிழில்தான். ஆகவே அவனுக்கும் 250தான் வெட்டுப்புள்ளி. தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ் விடைத்தாள்களுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டார்கள் என்று 1970இல் ஒரு கதை பரவியது, விசாரித்தார்கள், நிரூபணமாகவில்லை. ஆனாலும் தண்டம் வந்தது. அந்தத் தண்டம் காரைதீவுத் தமிழ்ப் பிள்ளைக்கும் அடுத்த ஊர் சாய்ந்தமருது முஸ்லிம் பிள்ளைக்கும் ஒரே அளவில்தான் விழுந்தது. இதை இத்தனை காலம் யாரும் ஏன் பேசவில்லை?

ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன். வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். “எங்களுக்கும் அதே வெட்டுப்புள்ளிதான் மகள். ஆனா அந்த வெட்டுப்புள்ளிக்குக் கிட்டப் போறதுக்கே எங்கட பள்ளிக்கூடத்தில லேப் இருக்கல்ல. வெட்டுப்பட்டவன்தானே கத்துவான்? நாங்க வரிசையிலேயே நிக்கல்லியே.”

வாக்குமூலம் சுருக்கமானது. இதற்கு மேல் தெளிவாக எந்தக் கோப்பும் எனக்குச் சொல்லவில்லை.

இரண்டாவது தடயம் இன வாரியான கணக்குகள். 1969 வாக்கில் பொறியியல் அனுமதியில் கிட்டத்தட்டப் பாதி தமிழர். 1973இல் அது 24.4 வீதம். மாவட்ட ஒதுக்கீடு வந்த 1974இல் 16.3 வீதம். வரலாற்றாசிரியர் சி. ஆர். டி சில்வா அந்தக் காலத்திலேயே ‘மொடர்ன் சிலோன் ஸ்டடீஸ்’ ஆய்விதழில் இந்த மாற்றங்களை எழுதி வைத்தார். இன்றும் எல்லோரும் அவர் வாசலில்தான் போய் நிற்கிறோம். அவர் காட்டிய இன்னொரு விடயம் குறைவாகவே மேற்கோளாகிறது: மாவட்ட ஒதுக்கீட்டால் இழந்தது யாழ்ப்பாணமும் கொழும்பும். பெற்றது பின்தங்கிய மாவட்டங்கள், அங்கிருந்த கண்டிச் சிங்களவரும் முஸ்லிம்களும்.

அப்படியானால் கல்முனை பெற்ற பக்கமா, இழந்த பக்கமா? மொழிமூல நிரலில் பார்த்தால் இழந்தது. மாவட்ட நிரலில் பார்த்தால் பெற்றது. இன நிரலில் பார்க்கப் போனால், நாட்டுச் சனத்தொகையில் 7 வீதமளவில் இருந்த முஸ்லிம்கள் பல அட்டவணைகளில் ‘ஏனையோர்’ என்ற கடைசி வரிக்குள் கிடக்கிறார்கள். மலாயரும் பறங்கியரும் அதே வரியில். கொழும்பில் ஆங்கிலத்தில் படித்த வியாபாரியின் மகனும் நிந்தவூரில் தமிழில் படித்த வயற்காரனின் மகனும் அங்கே ஒரே ஆள்.

இதில் ஒரு முரண் உண்டு. தரப்படுத்தலையும் மாவட்ட ஒதுக்கீட்டையும் கொண்டுவந்த கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத், ஒரு முஸ்லிம். கல்முனையில் ஒரு மகளிர் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் அவர் பெயரைச் சொல்லும் தொனி வேறு, கல்முனையில் சொல்லும் தொனி வேறு. இரண்டு தொனிக்கும் நியாயம் இருக்கிறது என்றுதான் ஆவணங்களைப் பார்த்த பிறகு சொல்வேன். ஆனால் தமிழ் எழுத்துகள் கல்முனையின் 250ஐ மறந்துவிட்டன. முஸ்லிம் அரசியல் மேடைகள் ஒதுக்கீட்டால் கிடைத்த இடங்களை எண்ணிப் பார்க்காமலே பெருமை பேசின. இந்த இரண்டு மறதிக்கும் எனக்கு நியாயம் தெரியவில்லை.

மூன்றாவது தடயம் மாவட்டம். இதில்தான் அதிகம் தோண்ட வேண்டியிருந்தது.

1961 வரை கல்முனை மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்தது. அந்த வருடம் தெற்குப் பகுதியைப் பிரித்து அம்பாறை மாவட்டம் ஆக்கினார்கள். கச்சேரி கரையோரத்துக்கு வரவில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தோடு எழுந்த அம்பாறை நகருக்குப் போனது. ஹார்டி என்று ஊரார் சொல்லும் தொழில்நுட்ப நிறுவனமும் அங்கேதான். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் 6,49,402 பேர். முஸ்லிம்கள் 43 வீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் 39 வீதத்துக்குச் சற்றுக் கீழ், தமிழர் 17 வீதத்துக்கு மேல். வெவ்வேறு மொழி, வெவ்வேறு பள்ளிக்கூட வசதி, ஒரே வெட்டுப்புள்ளி.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைத் திறந்தால் விதி தெளிவாக இருக்கிறது. 40 வீத இடம் நாடு முழுவதற்குமான திறமை வரிசையில். 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அம்பாறையும் அதில் ஒன்று. பொறியியலுக்கு ஆயிரம் இடம் என்று வைத்துக்கொள்வோம். மாவட்டப் பங்கு 550. 2012 கணக்கில் அம்பாறையின் சனத்தொகை நாட்டில் 3.19 வீதம். ஆக, 17 அல்லது 18 இடம். பின்தங்கிய மாவட்டப் பங்கில் இன்னும் சில. அந்தப் பதினேழு பதினெட்டுக்காகத்தான் தெஹியத்தகண்டியும் கல்முனையும் திருக்கோவிலும் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. கரையோர மாவட்டம் வேண்டும் என்ற கல்முனையின் பழைய கோரிக்கையைப் பலர் கச்சேரி எங்கே இருக்க வேண்டும் என்ற சண்டையாகவே பார்க்கிறார்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது பல்கலைக்கழக இடச் சண்டையும்தான் என்பது விளங்கும்.

அனுமதி முடிந்ததும் ஆணைக்குழு வெளியிடும் பட்டியலில் ஒரு பக்கம் மாவட்டங்கள், மேலே பாடநெறிகள், கட்டத்துக்குள் இசட் புள்ளி. அம்பாறைக்கு ஒரு கட்டம். அதற்குள் யார் எந்த ஊர் என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மூன்று நிரலும் கைவிட்ட பிறகு, பின்னோக்கிப் போனேன். மாகாணப் பத்திரங்களில் நேரம் செலவிட்டதைவிட, ஆட்களைப் பின்தொடர்ந்தது பலன் தந்தது.

1942 ஏப்ரலில், யுத்தகால உணவு உற்பத்தியைக் கவனிக்க, கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக ஓர் இளைஞர் வந்தார். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம், ஏ. எம். ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைக்காரர். நெல் விளைவிக்க வந்தவர் வயலுக்கு நடுவே இருந்த பள்ளிக்கூடங்களின் நிலையைப் பார்த்துக் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை உண்டாக்கினார். கெட்டிக்காரப் பிள்ளைகள் காசில்லாமல் நின்றுவிடுவதை அங்கேதான் நேரில் கண்டார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி பிறந்ததற்கு வேர் கல்முனையில் இருக்கிறது. பிறகு கொழும்பு ஸாஹிராவின் அதிபராகப் போனவர், கிழக்கின் பிள்ளைகளை அங்கே சேர்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் கரையோரத்து முஸ்லிம் பிள்ளை விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் ஊரை விட்டே போக வேண்டும். போவதற்கு ஒரு அஸீஸ் வேண்டும்.

அதற்கும் முன்னால் போனால் பக்கத்து ஊரில் இன்னொருவர் நிற்கிறார். காரைதீவு மயில்வாகனம், பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர். கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் படித்தவர். தமிழ்ப் பேராசிரியராக, யாழ் நூல் செய்தவராகத்தான் நாம் அவரை வைத்திருக்கிறோம். அவர் 1915இல் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து 1916இல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றவர் என்பது நினைவுப் பேச்சுகளில் ஓரமாகப் போய்விடுகிறது. 1893இல் மருதானையில் தொடங்கிய அந்தக் கல்லூரிதான் இந்நாட்டுப் பொறியியல் கல்விக்குத் தாய்வீடு. 1950இல் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கொழும்பில் தொடங்கியபோதும் அதன் நிழலில்தான் தொடங்கியது. ஆகக் கல்முனைக் கரையில் இருந்து அந்த வாசலுக்கு வழி 1915இலேயே திறந்திருந்தது. திறந்த வழியில் அடுத்தடுத்து ஆட்கள் போகாததற்குக் காரணம், பள்ளிக்கூடத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் ஒன்றாகக் கற்பிக்க ஆள் இல்லாதது. 1ஏபி என்று வகைப்படுத்திய, உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலை இல்லாத ஊரில் ஒதுக்கீடு இருந்தும் பிரயோசனமில்லை.

ஊருக்குத் திரும்பி, பாடசாலை மலர்களைத் தேடினேன். ஆண்டு விழா மலர், வைர விழா மலர், பரிசளிப்பு விழா அறிக்கை. அரசாங்கக் கோப்பில் ‘அம்பாறை’ என்றிருப்பவர் இவற்றில் பெயரோடும் ஊரோடும் வாப்பாவின் பெயரோடும் வருவார். ஆனால் கடல் இங்கே எனக்கு முன் வந்துவிட்டது. 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கடற்கரை வீடுகளின் அலுமாரிகளில் இருந்த சான்றிதழ்களும் அனுமதிக் கடிதங்களும் மலர்களும் சேற்றோடு போயின. உயிர் போன இடத்தில் கடதாசியைப் பற்றிக் கேட்கக் கூச்சமாக இருந்தது, கேட்டேன். சில மலர்கள் கடலுக்குத் தள்ளி உள்ளே கட்டிக்கொடுத்த உறவினர் வீடுகளில் தப்பியிருந்தன. ஆய்வாளர்கள் எல்லோரும் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்துக்கு ஒரு நன்றி சொல்லத்தான் வேண்டும்; 2005 முதல் அவர்கள் மின்வருடி வைத்திருக்காவிட்டால் கிழக்கின் பல மலர்கள் இன்று பெயருக்குக்கூட இல்லை.

சுவர்ப் பலகைகளும் உண்டு. ஒரு பாடசாலையின் அதிபர் அறைக்கு வெளியே எனாமல் பெயின்ற்றில் வருடம், பெயர், துறை என்று எழுதிய பலகை. மேலே பழைய வருடங்களில் கலை, வர்த்தகம். கீழே இறங்க இறங்க மருத்துவம், பொறியியல். பொறியியல் வரிசையில் பெண் பெயர் வருவதற்கு இன்னும் நிறையக் கீழே இறங்க வேண்டும்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேட்டை முடியாது. இலங்கையின் முதல் பெண் பொறியியலாளர் ஒரு தமிழ்ப் பெண், பிரேமளா சிவசேகரம். 1964இல் பட்டம் பெற்றார். இன்று இலங்கைப் பல்கலைக்கழகங்களில் சேரும் பிள்ளைகளில் பெரும்பான்மை பெண்கள். பொறியியலில் மட்டும் கால்வாசி அளவில் நிற்கிறார்கள். கிழக்குக் கரை முஸ்லிம் ஊர்களில் இதற்கு இன்னொரு கணக்கும் உண்டு, அது எந்தக் கைநூலிலும் இல்லை. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது பெற்றோர் கடன். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூன்று பெண் பிள்ளை என்றால் மூன்று வீடு. மாப்பிள்ளை எஞ்சினியர் என்றால் மேல்மாடியும் கேட்கும். மகளை எஞ்சினியர் ஆக்கக்கூடிய காசு, எஞ்சினியர் மருமகனுக்குச் சுவராக எழும்புகிறது. நாலு வருடம் மொறட்டுவை விடுதியில் பிள்ளையை விடுவதா என்ற பயம் அதற்கு மேலே. மருத்துவத்துக்கு அதே பயத்தை மறந்துவிடுவார்கள். ‘டொக்டர்’ ஊருக்குள் வந்து உட்காரலாம், வீதி போடுகிற இடத்தில் நம் பிள்ளை போய் நிற்பதா? உயர்தரப் பெறுபேறு வந்த வாரத்தில் கல்முனைச் சந்தியில் ரியூட்டரிகள் கட்டும் வாழ்த்து பெனர்களைப் பாருங்கள். பையன்களின் முகம் பெரிதாகச் சிரிக்கும். சில பெனர்களில் மாணவியின் பெயருக்கு மேலே முகத்துக்குப் பதில் ஒரு ரோசாப்பூ.

இனி ஒலுவில், தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். 1990களில் யுத்தத்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் படிக்க முடியாமல் திரும்பிய முஸ்லிம் மாணவர்களை வைத்துத்தான் அதன் கதை தொடங்குகிறது. எம். எச். எம். அஷ்ரப் அமைச்சரவையில் இருந்த பலத்தில், 1995 ஒக்டோபர் 23இல் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 மே 15இல் முழுப் பல்கலைக்கழகம் ஆனது. பொறியியல் பீடம் கிடைக்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காலியில் ருகுணுப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 1999இலேயே வந்துவிட்டது. கிளிநொச்சியில் யாழ்ப்பாணத்தின் பீடம் 2014இல். வரிசையில் கிழக்கு எங்கே நின்றது என்பதற்கு இந்த மூன்று வருடங்களே சாட்சி.

பீடம் ஊருக்கு வந்தது, இடங்கள் ஊருக்கு வரவில்லை. வரவும் முடியாது: பொறியியல் அனுமதி முழுவதும் கொழும்பில் ஒரே இடத்தில் நடக்கிறது, பிள்ளைகள் விருப்ப வரிசை கொடுக்கிறார்கள், மொறட்டுவையும் பேராதனையும் நிறைந்த பிறகுதான் மற்றவை. ஆகவே ஒலுவில் பொறியியல் வகுப்பில் தெற்கில் இருந்து வந்த சிங்களப் பிள்ளைகள் பெருமளவில் இருக்கிறார்கள். சிலர் இதை முறைப்பாடாகச் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மாத்தறைப் பிள்ளை நிந்தவூர்ச் சாப்பாட்டுக் கடையில் தமிழ் பழகுவது நல்ல காரியம். கல்முனைப் பிள்ளை கட்டுபெத்தையில் தனியாக விடப்படுவதுதான் கவனிக்க வேண்டியது.

அது எப்படி என்று கேட்டால் ‘குப்பி’யைச் சொல்ல வேண்டும். பரீட்சைக்கு முன் மூத்த மாணவரோ கெட்டிக்கார சக மாணவரோ எடுக்கும் இராவகுப்புக்கு வளாகத்தில் அதுதான் பெயர். விரிவுரை ஆங்கிலத்தில். பதின்மூன்று வருடம் தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு முதல் பருவம் முழுக்க மூச்சுத் திணறல்; சிங்களத்தில் படித்து வந்தவருக்கும் அதே திணறல்தான். ஆனால் அவருக்குக் குப்பி அவர் மொழியில் கிடைக்கும். தமிழ்ப் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு குப்பி போட்டுக்கொள்வார்கள். அந்த வகுப்பில் தமிழ் பேசுவோர் தொகை மிகக் குறைந்த வருடங்களில் குப்பி எடுக்கவே ஆள் இருக்காது. முதல் வருடத்தோடு துறை பிரிக்கும் புள்ளியில், பிறகு கிடைக்கும் வகுப்புச் சித்தியில், இதன் பலன் வந்து நிற்கும். அனுமதிப் பட்டியலை மட்டும் எண்ணுகிறவர் கண்ணுக்கு இது படாது. பகிடிவதையும் அப்படித்தான்: பேராதனைப் பொறியியல் பீடத்தில் 1997இல் ஒரு தமிழ் மாணவர் அதனால் உயிரிழந்த பிறகே 1998இன் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது.

ஒலுவிலில் நின்றபோது ஒன்றைக் கவனித்தேன். பீடத்துக்குப் பக்கத்தில்தான் 2013இல் திறந்த துறைமுகம். டென்மார்க் கடனில் கட்டியது. வாய் மணலால் அடைபட்டு, வடக்கே ஒலுவிலும் நிந்தவூரும் கடலரிப்பில் தென்னைகளை இழந்துகொண்டிருக்கின்றன. அலையின் போக்கும் மணலின் போக்கும் தெரிந்த கரைவலைக்காரர்கள் நிறைந்த ஊர் இது. அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று கரையோரப் பொறியியலாளராக அந்த வரைபட மேசையில் இருந்திருக்குமா என்ற கேள்வி எனக்கு வந்ததை மறைக்கவில்லை.

இவ்வளவு தேடியதில் என் முடிவு இது. கல்முனைப் பிள்ளைக்கு எதிராக ஒரு விதியை யாரும் தனியாக எழுதவில்லை. மொழிக்கு எழுதிய விதியும் மாவட்டத்துக்கு எழுதிய விதியும் அவன் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அவளுக்கு ஊர் வழக்கமும் சேர்ந்து விழுந்தது. யாரும் தனி நிரல் போட்டு எண்ணாததால், விழுந்த இடம் தெரியாமல் போயிற்று.

எண்ணுவது கஷ்டமில்லை. அம்பாறை மாவட்டத்தில் ஏழு கல்வி வலயங்கள்: அம்பாறை, மஹாஓயா, தெஹியத்தகண்டி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில். பரீட்சைத் திணைக்களத்துக்கு ஒவ்வொரு பரீட்சார்த்தியின் பாடசாலையும் தெரியும், மொழிமூலமும் தெரியும், பாலும் தெரியும். அனுமதிப் பட்டியல் மானியங்கள் ஆணைக்குழுவிடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, பெயர் இல்லாமல், வலயம் வாரியாக, மொழிமூலம் வாரியாக, ஆண் பெண் வாரியாக வருடாவருடம் வெளியிட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றுநிருபம் போதும்.

பழைய காலத்துக்கு அந்த வழியும் இல்லை. ஆகவே இதை வாசிக்கும் கரையோரத்து மூத்தவர்களிடம் கேட்கிறேன். 1980க்கு முன் பேராதனைக்கோ கட்டுபெத்தைக்கோ பொறியியல் படிக்கப் போனவராக, அல்லது புள்ளி இருந்தும் போகாமல் நின்றவராக இருந்தால், வருடம், பாடசாலை, மொழிமூலம், பெற்ற புள்ளி ஆகிய நான்கையும் எழுதி, அனுமதிக் கடிதம் இருந்தால் அதன் பிரதியோடு, ஊர் நூலகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழக நூலகத்திலோ கொடுத்து வையுங்கள்.